இரவு வகுப்பில் உலக விவகாரம்

திருப்பூரில் நாம் பாடம் சொல்லும் இரவு வகுப்பில் பெஞ்சுகள் மிகவும் சிறியவை. பகலில் அவற்றில் உட்காருகிறவர்கள் ஐந்தாம் வகுப்புக்கு மேற்படாத குழந்தைகள். இரவு எட்டு மணிக்கு வந்து உட்காருகிறவர்களோ அந்தக் குழந்தைகளின் தாய் தந்தையர். சில சமயம் பாட்டிமார். முழங்கால் மேஜையில் இடிக்கும். பஞ்சுத் தூசி தலைமயிரில் ஒட்டியிருக்கும். கையில் காலியான சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். இத்தனைக்கும் நடுவில் அவர்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி இரவு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். அதற்கு முதல் நாள் விநாயக சதுர்த்தி, வகுப்பு இல்லை. நம் வீடுகளில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்த அந்தக் காலை வேளையில்தான் அமெரிக்காவின் புது வரி அமுலுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து போகும் பல பொருள்களின்மேல், ஏற்கெனவே இருந்த சுங்கத்துக்கு அதிகமாக, 25 சதவீதம் அம்மாதம் 7-ந் தேதியே விதிக்கப்பட்டிருந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, 27-ந் தேதி மேலும் ஒரு 25 சதவீதம் சேர்ந்தது. ஆக மொத்தம் 50.

வகுப்பில் 'பவர் டேபிள்' தையல் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் இருக்கிறார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். அன்று அவர் புஸ்தகத்தைத் திறக்கவே இல்லை.

"ஏனுங்க சார், ரஷ்யாக்காரங்ககிட்ட எண்ணெய் வாங்கினது யாரோ. நான் தைக்கிறது பனியன். எனக்கு எதுக்குங்க இந்தத் தண்டம்?" என்றார்.

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து இன்னொரு கேள்வியும் கேட்டார்.

"சரிங்க, நீங்க வெவரமாச் சொல்லுவீங்க. நானும் தெரிஞ்சுக்குவேன். தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்க? வேலை போறது போகத்தானே போகுது?"

முதற் கேள்விக்கு அன்றிரவே கரும்பலகையில் விடை எழுதினோம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. இருபது வருஷம் உபாத்தியாயராகக் காலங் கழித்தவருக்கு இது வெட்கமான விஷயந்தான். அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே வாசகர்களிடம் சற்றுப் பேச விரும்புகிறோம்.

வருகிறவர்கள் யார்?

முதியோர் கல்வி என்றதும் அரிச்சுவடியும் கையெழுத்துப் பழக்குவதும் பலருக்கு நினைவு வரும். நம் வகுப்புக்கு வருகிறவர்கள் அந்தப் படியைத் தாண்டியவர்கள். எழுதப் படிக்கத் தெரியும். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நின்றுபோனவர்கள். ஒருவருடைய தகப்பனார் திடீரென்று காலமானார். இன்னொருவர் வீட்டில் மழை பொய்த்துக் கடன் ஏறிற்று. வேறொரு பெண்மணிக்குப் பதினாறு வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. இன்று மேற்பார்வை உத்தியோகத்துக்கு உயர வேண்டுமென்றாலும் சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்காக வருகிறவர் பாதிப் பேர். "மக பன்னெண்டாவது படிக்கிறா, நான் பத்தாவதாச்சும் முடிச்சாத்தானுங்க மரியாதை" என்று வருகிறவர் மீதிப் பேர்.

இவர்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, ராஜ்ய சர்க்காரின் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதுவது. மற்றொன்று, மத்திய சர்க்கார் 1989-ல் நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அதில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிரம்பியிருந்தால் போதும். மேல் வயதுக்கு வரம்பு கிடையாது. ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் தேற வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. 5 வருஷங்களுக்குள் 9 தடவை எழுதலாம். தேறிய பாடம் தேறியதுதான். முறை மாற்றி முறை வேலை செய்கிறவர்களுக்கு இது பேருதவி.

எந்த வழியில் போனாலும் சமூக அறிவியல் என்ற பாடம் குறுக்கே நிற்கும். யுத்தங்கள், ஐக்கிய நாடுகள் சபை, உலகமயமாதல், சுற்றுப்புறத்தின் கேடு முதலிய உலக விவகாரங்களெல்லாம் அதில் அடக்கம். கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நாம் தைரியம் சொல்லுவோம். இந்தப் பாடத்தைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை, கொட்டாவி விட்டார்கள்.

நம் தோல்வியும் ஒரு சீட்டும்

2019-ல் வகுப்பு ஆரம்பமான புதிதில் 'உலகமயமாதல்' என்ற பாடத்தை மிகுந்த சிரத்தையோடு நடத்தினோம். காரணங்கள் ஐந்து, நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து என்று கரும்பலகையை நிரப்பினோம். எல்லோரும் பக்தியோடு எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் கேட்டபோது ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. பனியன் கம்பெனியில் 'செக்கிங்' வேலை பார்க்கும் ஓர் அம்மாள், வயது நாற்பத்து நாலு, எழுந்து சொன்னார்:

"நெட்டுரு போட்டுப் பரீட்சையில எழுதிருவேனுங்க. ஆனா இதுல ஒரு வார்த்தைகூட எம்மேல ஒட்டலீங்க சார்."

நமக்குச் சுருக்கென்றது. "உங்கள்மேல் ஒட்டுகிற விஷயம் எதுவென்று நீங்கள்தான் சொல்லுங்களேன், அம்மா" என்றோம். அவர் தம் பையைத் துழாவி ஒரு சின்னத் துணிச் சீட்டை எடுத்து நீட்டினார். சட்டையின் பக்கவாட்டில் தைக்கும் சீட்டு அது. அதை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் அரைமணி நேரம் பாடம் நடத்தினார்.

"இது ஜெர்மனி ஆர்டருங்க. 128, 134, 140-ன்னு போட்டிருக்குது பாருங்க, அது கொழந்தையோட ஒசரம், சென்டிமீட்டர் கணக்கு. அமெரிக்காக்காரங்க வயசுக் கணக்குல போடுவாங்க. இந்தத் தொட்டி மாதிரிப் படம் தண்ணிச் சூடு. முக்கோணத்துல கோடு கிழிச்சிருந்தா வெளுப்புக் காரம் போடக் கூடாது."

பட்டம் பெற்ற நமக்கு இதில் பாதி தெரியாது. சீட்டின் பின்புறம் ஒரே விஷயம் பல பாஷைகளில் அச்சாகியிருந்தது. நாம் எழுத்துக் கூட்டிப் படித்தோம். பருத்திக்கு ஜெர்மானியர் 'பாம்வொல்ல' என்கிறார்கள். மரக் கம்பளி என்று பொருள். ஸ்பானியர் 'அல்கொதோன்' என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் 'கொத்தோன்'. இந்தக் கடைசி இரண்டும் 'குத்ன்' என்ற அரபிச் சொல்லின் வழி வந்தவை. எந்தத் தேசம் எந்தத் தேசத்திடமிருந்து பருத்தியைக் கற்றது என்ற சரித்திரம் ஒரு விரற்கடைத் துணியில் கிடந்தது! மறு வாரம் சுவரில் உலகப் படம் ஒன்றை மாட்டினோம். ஆளுக்கு ஒரு சீட்டாகக் கொண்டுவந்து அந்தந்தத் தேசத்தின்மேல் குத்தினார்கள். ஐரோப்பாவில் இடம் போதவில்லை.

இதை நாம் புதிதாகக் கண்டுபிடித்ததாகப் பெருமை பேச இடமில்லை. பிரேஸில் தேசத்துப் பாவுலோ பிரேயரி என்ற அறிஞர் 1963-ல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளருக்குச் சுமார் நாற்பது மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவித்தார். அவரும் பாடப் புஸ்தகத்திலிருந்து தொடங்கவில்லை. ஜனங்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கினார். மறு வருஷமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவரைச் சிறையில் வைத்தார்கள். பிறகு அவர் தேசத்தை விட்டே போக நேர்ந்தது. எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பதில் அப்படி என்ன அபாயம் என்று கேட்கலாம். எழுத்தோடு கேள்வி கேட்கும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது, அபாயம் அதில்தான்.

நாலு டாலர்க் கணக்கு

இப்போது அந்த வாலிபரின் முதற் கேள்விக்கு வருவோம்.

அமெரிக்கத் துறைமுகத்தில் ஒரு சட்டை நாலு டாலர் மதிப்பில் இறங்குகிறது என்று கரும்பலகையில் எழுதினோம். புது வரி 50 சதவீதம் என்றால் இரண்டு டாலர். ஆக ஆறு. அப்போது பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் விதித்திருந்த புது வரி 20 சதவீதம். அதே சட்டை அங்கிருந்து போனால் நாலு டாலர் எண்பது காசு. வித்தியாசம் ஒன்றே கால் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. இவை 2025 ஆகஸ்டு மாதத்து எண்கள். வரி விகிதம் பஞ்சாங்கம் அல்ல. பேச்சு வார்த்தையால் மாறும், வழக்கால் மாறும். ஆகையால் எந்த எண்ணைக் கேட்டாலும் அதன் பக்கத்தில் மாதத்தையும் வருஷத்தையும் எழுதிக்கொள்வது நம் வகுப்பின் விதி.

"இந்த ரெண்டு டாலரை யாருங்க கட்டறது? நாமளா?" என்று ஒரு பெண்மணி கேட்டார். வரியைக் கட்டுகிறவர் அமெரிக்காவில் சரக்கை இறக்கும் வியாபாரி. கட்டுவது அவருடைய சர்க்காருக்கு. பிறகு அந்தப் பாரத்தை இறக்கிவைக்க அவருக்கு மூன்று வழிகள். கடையில் விலையை ஏற்றலாம். நம் ஊர் முதலாளியிடம் 'விலையைக் குறையுங்கள்' என்று கேட்கலாம். அல்லது அடுத்த ஆர்டரை வேறு தேசத்துக்குக் கொடுத்துவிடலாம். இரண்டாவது வழி வந்தால் நம் கூலி இறங்கும். மூன்றாவது வந்தால் வேலை நாள் குறையும். எண்ணெய்க்கும் பனியனுக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான். எண்ணெய் விற்றவனையும் வாங்கியவனையும் விட்டுவிட்டு, அகப்பட்ட இடத்தில் விழுகிற அடி இது.

அக்கரையில் இருப்பவர்கள்

கணக்கு புரிந்ததும் வாலிபரின் கோபம் திசை திரும்பிற்று. "அப்ப நம்ம சோத்தைப் புடுங்கறது பங்களாதேஷ்காரங்கதானுங்களே?" என்றார். உலக விவகாரம் சொல்லிக் கொடுப்பதில் மிகவும் கவலைக்கிடமான இடம் இதுதான். பாதி அறிந்தவன் கோபத்தை எங்கே வேண்டுமானாலும் திருப்பிவிடலாம்.

அடுத்த வகுப்பில் ஒரு சம்பவத்தைச் சொன்னோம். டாக்கா நகரத்துக்குப் பக்கத்தில் ஸாவார் என்ற இடத்தில் 'ரானா பிளாஸா' என்று ஓர் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே ஒரு பாங்கியும் கடைகளும்; மேலே உடை தைக்கும் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23-ந் தேதி சுவர்களில் பெரிய வெடிப்புகள் கண்டன. பாங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தையல் தொழிலாளரை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆர்டர் கெடு நெருங்கியிருந்தது. 24-ந் தேதி காலை கட்டடம் இடிந்து விழுந்தது. மாண்டவர்கள் 1,134 பேர்.

வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். செக்கிங் அம்மாள்தான் முதலில் பேசினார். "வெடிப்பைப் பார்த்துட்டும் ஏனுங்க உள்ள போனாங்க?" என்று கேட்டவர், நாம் வாயைத் திறப்பதற்குள் தாமே பதிலும் சொன்னார்: "போகாட்டி மாசச் சம்பளம் நின்னுரும்."

அந்த விபத்துக்குப் பிறகு, 2013 மே மாதத்தில், ஐரோப்பியத் துணிக் கம்பெனிகள் பலவும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, கட்டடப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தொழிற்சாலைகளைச் சோதிப்பதற்கு அந்நிய இஞ்சினீயர்கள் வந்தார்கள். இதையும் வகுப்பில் சொன்னோம். துயரத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது அரைப் பாடம். யார் என்ன செய்தார்கள், எது மாறிற்று என்பதையும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். அன்றைக்குப் பிறகு 'பங்களாதேஷ்காரங்க' என்ற சொல் வகுப்பில் வேறு குரலில் ஒலித்தது.

நொய்யல் கரைச் சண்டை

நம் வகுப்பு உடைந்துபோக இருந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. சுற்றுப்புறம் என்ற பாடம் வந்தது. சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரும், நொய்யலாற்றின் கீழ்ப் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்மணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. அதில் சாயக் கழிவு வந்து தேங்கியதால், பயிருக்கு வேண்டிய அணையே பயிருக்கு விஷமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

"எங்கப்பா தென்னை மரம் பட்டுப் போச்சு, வித்துட்டு டவுனுக்கு வந்தோம்" என்றார் அந்தப் பெண்மணி. "அந்த வருசம் நான் மூணு மாசம் கூலியில்லாம இருந்தனுங்க அக்கா, எம் பொண்டாட்டி தாலியை அடகு வச்சா" என்றார் மற்றவர். இரண்டு குரல்களும் உயர்ந்தன. நாம் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தால் மறு வாரம் ஒருவர் வந்திருக்கமாட்டார்.

என்ன செய்தோமென்றால், இடம் மாற்றினோம். "அம்மா, சாயத் தொழிலாளியின் கட்சியை நீங்கள் பேசுங்கள். ஐயா, விவசாயியின் கட்சியை நீங்கள் பேசுங்கள்" என்றோம். முதலில் இருவருக்கும் கோபம். பிறகு தயங்கித் தயங்கிப் பேசினார்கள். சாயத் தொழிலாளி விவசாயிக்காக வாதாடும்போது, "உப்பை ஆத்துல விட்டது நாங்கதான். கூலிக்கு வேலை செஞ்சோம், ஆனா பார்த்துட்டுத்தான் இருந்தோம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் நாம் சொல்ல ஒன்றும் இல்லை. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பவும் உபயோகிக்கும் முறையைப் பற்றியும், அதிலும் உப்புக் கசடு மிஞ்சிப்போகிற தொல்லையைப் பற்றியும், மீதி நேரம் இருவரும் சேர்ந்து நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீர்ச் சண்டையும் தொழிற் சண்டையும் உலகத்தில் எந்த ஆற்றங்கரையில் நடந்தாலும், இனி இந்த இருவரும் அதைப் புரிந்துகொள்வார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

கைபேசியில் வந்த கலவரம்

வதந்தியைப் பற்றிய பாடம் நமக்கு 2023 மார்ச்சு மாதத்தில் வந்து சேர்ந்தது. தமிழ் நாட்டில் பீகார்த் தொழிலாளரை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று சொல்லும் சலனப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. ரயில் நிலையத்தில் ஒரே கூட்டம் என்றார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு வடநாட்டுத் தொழிலாளர் அடுத்த மிஷினில் உட்காருகிறவர்கள். "உண்மையா சார்?" என்றார்கள்.

'பொய்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்தால், நாளைக்கு வேறொருவர் 'உண்மை' என்றால் அதையும் நம்புவார்கள். ஆகவே கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினோம்: இதைச் சொல்லுகிறவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இதை நாம் நம்புவதால் யாருக்கு என்ன கிடைக்கும்? அந்த மூன்று கேள்விகளும் அன்று முதல் சுவரிலேயே இருக்கின்றன.

வகுப்பார் துப்பறியத் தொடங்கினார்கள். படத்தில் தேதி இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. அம்மாதம் 8-ந் தேதி ஹோலிப் பண்டிகை. வருஷந்தோறும் அப்போது ரயிலில் கூட்டம் உண்டு என்று ஒருவர் நினைவுபடுத்தினார். அடுத்த மிஷின்காரரை இன்னொருவர் நேரிலேயே விசாரித்து வந்தார். அந்தச் சமயத்தில் போலீஸ் தலைவரின் அறிக்கை வெளியாயிற்று. இரண்டு படங்களும் பழைய சம்பவங்கள். ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு கோஷ்டியார் தமக்குள் போட்ட சண்டை. மற்றது கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர் இருவர் சண்டை. பீகார் சர்க்காரும் ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. நம்மவர்கள் பாதி வழி தாமாகவே வந்திருந்தார்கள் என்பதே நமக்குச் சந்தோஷம்.

ஒரு பழைய படம்

நம் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த படம் ஒன்று இருக்கிறது. 1931 செப்டம்பரில், வட்டமேஜை மகாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றிருந்த காந்தியடிகள், லங்காஷயர் பிரதேசத்தில் டார்வன் என்ற ஊருக்குப் போனார். நம் தேசத்தில் அந்நியத் துணி பகிஷ்காரத்தினால் அடிபட்ட ஆலைப் பிரதேசம் அது. அங்கே ஆலைத் தொழிலாளப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று கையைத் தூக்கி ஆரவாரம் செய்கிறார்கள். நடுவில் நம்மவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்.

"இவங்க துணியை வாங்காதீங்கன்னு சொன்னவரே இவருதானுங்களே? அப்புறம் ஏன் இப்படிக் கொண்டாடறாங்க?" என்று வாலிபர் கேட்டார்.

காந்தியடிகள் அவர்களிடம் ஒளிவு மறைவாகப் பேசவில்லை. உங்களில் வேலையற்றவர்கள் 30 லட்சம் பேர், எங்களிலோ ஏறக்குறைய 30 கோடிப் பேர் வருஷத்தில் பாதி நாள் வேலையின்றி இருக்கிறார்கள் என்ற கணக்கை அவர்கள் முன் வைத்தார். வேலையிழந்தவர்களிடம் நேரில் சென்று, காரணத்தையும் கணக்கையும் மறைக்காமல் சொன்னார்; மரியாதையோடு சொன்னார். அதற்குத்தான் அந்த ஆரவாரம் என்று நமக்குத் தோன்றுகிறது. இது நடந்து நாலு மாதம் ஆவதற்குள், 1932 ஜனவரியில், இதே திருப்பூரில் கையில் கொடியோடு அடிபட்டு விழுந்து உயிர் துறந்தார் குமரன். டார்வனும் திருப்பூரும் ஒரே நூலின் இரண்டு நுனிகள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்ப்பதற்கு லங்காஷயர்ப் பெண்ணை வெறுக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க வரியை எதிர்ப்பதற்கும் அங்கே கடையில் சட்டை வாங்கும் தாயை வெறுக்க வேண்டியதில்லை. நம் தேசத்தில் தேசபக்தியும் உலக அறிவும் ஒன்றாகவே வளர்ந்தன என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

இரண்டாவது கேள்வி

"தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்க?"

இதற்கு விடை நாம் கொடுக்கவில்லை. 2025 ஐப்பசியில், தீபாவளிக்குப் பிறகு, செக்கிங் அம்மாள் கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை சம்பளத்தின்போது, அவர் வேலை செய்யும் இடத்துக் காண்டிராக்டர், "அமெரிக்கா வரி போட்டுட்டான். இந்த வாரத்திலிருந்து பீஸுக்கு இவ்வளவு குறைச்சல்" என்றாராம். எல்லோரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். நம் அம்மாள் மட்டும் கட்டிலிருந்து ஒரு சட்டையை எடுத்துச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இது 128, 134 போட்ட சரக்கு. ஜெர்மனிக்குப் போறது. வரி போட்டது அமெரிக்காக்காரன். ஜெர்மனிச் சட்டைக்கு ஏனுங்க கூலி குறையோணும்?"

காண்டிராக்டர் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு சிரித்தாராம். அந்தக் கட்டுக்கு மட்டும் பழைய கூலியே கிடைத்தது. அமெரிக்க ஆர்டருக்குக் குறைந்தது குறைந்ததுதான். தொகையைப் பார்த்தால் அற்பம். அதை நம்மிடம் சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தில் இருந்த பிரகாசத்தை எந்தச் சான்றிதழிலும் நாம் பார்த்ததில்லை.

கதை எல்லோருக்கும் இப்படி முடிந்துவிடவில்லை. அந்த வாலிபருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை என்றாயிற்று. இரண்டு மாதம் வகுப்புக்கு வரவில்லை. தை பிறந்து திரும்பி வந்தார். "வேலை தேடி ஈரோடு போயிருந்தேனுங்க. போன எடத்துல எதைச் சொன்னாலும், 'உனக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டுட்டேன். அந்த வியாதி உங்ககிட்ட வந்ததுதான்" என்றார். உலக அறிவு வேலையைக் காப்பாற்றும் என்று அவரிடம் நாம் பொய் சொல்லமாட்டோம். அடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். அவன் பக்கத்திலிருப்பவனைத் தவறாக அடிப்பதும் குறைவு. இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பத்திரிகை வரும் வீடுகளில், வாசலைப் பெருக்குகிற அம்மாளோ, கார் ஓட்டுகிறவரோ, எதிர் வீட்டுக் காவற்காரரோ, எட்டாவதோடு நின்றவர்களாக இருக்கக்கூடும். பரீட்சை எழுத வழி இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். மாலையில் அரைமணி நேரம் பத்திரிகையை நடுவில் வைத்து அவர்களோடு உட்காருங்கள். நீங்கள் பாதிக்கு மேல் பேசாதீர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு உங்களுக்கு விடை தெரியாமற் போகலாம். நமக்கும் அப்படித்தான். அதற்காக வெட்கப்பட வேண்டாம். இருவருமாகச் சேர்ந்து தேடலாம்.

நம் வகுப்பில் வரும் பரீட்சைக்கு ஒன்பது பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். செக்கிங் அம்மாளுக்குக் கணக்கு மட்டுந்தான் பாக்கி. உலகப் படத்தில் சீட்டுக் குத்த இடமில்லாததால், ஐரோப்பாவுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய படம் வாங்க வேண்டும் என்று அவர் நமக்கு உத்தரவு போட்டிருக்கிறார்.